சொத்தைப் பல் அடைப்பு: நாற்காலியில் என்ன நடக்கிறது, எங்கே கெடுகிறது

ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, விழுங்கிய சில நொடியில் அடங்கிவிட்டால் அந்தப் பல்லை அடைத்தே காப்பாற்றிவிடலாம். டீ சூடு பட்டு வலி கிளம்பி அரை மணி நேரம் விடாமல் தெறிக்கிறது, ராத்திரி படுத்தால் காதுவரை இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வெறும் அடைப்பு போதாது. உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் ரூட் கெனால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். வேலூர் வெயிலுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் குடிக்காதவர் யாரும் இல்லை என்பதால், முதல் எச்சரிக்கை இங்கே ஏப்ரல், மே மாதத்திலேயே கிடைத்துவிடும். கிடைத்தவர்கள் செய்வது என்னவோ மறுபக்கத்தில் மெல்லப் பழகிக்கொள்வதுதான்.

வலி தானாக நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள். சொத்தை ஆறியிருக்காது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் நரம்பு செத்திருக்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் ஈறில் சீழ்க்கட்டி வரலாம். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லில் இருக்கும் புழு விழுந்துவிடும் என்று கிராமத்தில் இன்றும் சொல்கிறார்கள். சொத்தையில் புழு கிடையாது. சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் பாக்டீரியாதான் இருக்கிறது. வாயின் பிஎச் அளவு (குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பல்லின் வெளி ஓடான எனாமல் கரையத் தொடங்கும். ஆற்காட்டு மக்கன் பேடா மாதிரி பாகில் ஊறிய பண்டம் பல் இடுக்கில் ஒட்டினால், அங்கே அமிலம் நெடுநேரம் தங்கும். கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்சம் மரக்கடிக்கும், அவ்வளவுதான். தைலம் வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதில் உள்ள யூஜினால், பல் நிற அடைப்பு இறுகுவதைக் கெடுக்கக்கூடியது. வலி மாத்திரையை ஈறில் ஒதுக்கிவைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம், ஈறு வெந்து புண்ணாகிவிடும்.

கடவாய்ப் பல்லின் மேல்பக்கக் குழியில் இருக்கும் சொத்தை கண்ணாடியிலேயே கறுப்பாகத் தெரியும். இரண்டு பல் ஒட்டும் இடத்தில் உண்டாவது அப்படித் தெரியாது. மேலே எனாமல் முழுசாக இருக்கும், உள்ளே குடைந்திருக்கும், ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது ஓரம் பொலபொலவென்று உடையும். இதைப் பிடிக்க எக்ஸ்ரே வேண்டும். வேரின் நுனிவரை தெரியும் சின்னப் படம் ஒன்று, மேல் கீழ்ப் பற்களின் தலைப்பகுதியைச் சேர்த்துக் காட்டும் பைட்விங் ஒன்று. படத்தில் தெரிவதைவிட நிஜச் சொத்தை பெரும்பாலும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். ஆகவே படத்தில் நரம்பைத் தொடுகிற மாதிரி இருந்தால், "திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், ரூட் கெனாலாகவும் ஆகலாம்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்வது நேர்மை. அதைக் கேட்டுவிட்டு வேறு கிளினிக் தேடிப் போகிறவர்கள் நிறைய.

எங்கே போவது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யிலும் பல் பிரிவு இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். தாடை வீக்கம், கட்டி, இதய நோயோடு சேர்ந்த பல் பிரச்சினை என்றால் பெரிய ஆஸ்பத்திரிதான் சரி. ஒரே ஒரு சொத்தையை அடைக்க, வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வந்து காத்திருக்கிறவர்களோடு சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பல் கிளினிக் இருக்கிறது. போர்டைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எக்ஸ்ரே எடுப்பீர்களா, எச்சில் படாமல் பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் டேம் போடுவீர்களா, எவ்வளவு நேரம் ஆகும்? பக்கச் சுவரும் சேர்ந்து போன கடவாய்ப் பல்லைப் பல் நிறத்தில் ஒழுங்காக அடைக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கால் மணியில் முடித்து அனுப்பினால் ஏதோ ஒரு படியை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஷூ கம்பெனி ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கிடைக்கும் இருபது நிமிஷத்தில் முடிக்கச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்துவதும் அதே விளைவைத்தான் தரும்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். சர்க்கரைக்காரர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அடைப்புக்காகத் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. பி.பி., இதய நோய், கர்ப்பம், ஏதாவது மருந்துக்கு அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மரப்பு ஊசியில் இருப்பது வழக்கமாக 2 சதவீத லிக்னோகெய்ன். கூடவே கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும். போட்டதும் ஒன்றிரண்டு நிமிஷம் நெஞ்சு படபடப்பது அதனால்தான். மேல் பல்லுக்கு அந்தப் பல்லின் பக்கத்திலேயே போட்டால் போதும். கீழ்க் கடவாய்க்குத் தாடையின் பின்கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போட வேண்டும். பாதி உதடு மரத்தால்தான் ஊசி சரியாக இறங்கியது. உதடு மரக்காமல் டிரில் எடுத்தால் கையைத் தூக்குங்கள், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆழமில்லாத சொத்தைக்கு ஊசியே தேவைப்படாது.

நிறம் பார்ப்பதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பத்து நிமிஷம் ஆனதும் பல் காய்ந்து வெளுத்துவிடும். அப்போது நிறம் பொருத்தினால் மறுநாள் அடைப்பு மட்டும் சுண்ணாம்பு மாதிரி தனியாகத் தெரியும். முன்பல்லுக்கு இது முக்கியம், கடவாய்க்கு அவ்வளவு இல்லை.

அடுத்தது குடைவது. கீச்சென்று சத்தம் போடும் ஏரோட்டர் என்ற டிரில் நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். தண்ணீர் பீய்ச்சாமல் ஓட்டினால் சூட்டில் நரம்பு வெந்துபோகும். எனாமலைத் திறப்பதற்கு அது. உள்ளே இருக்கும் மெத்தென்ற சொத்தையை மெதுவாகச் சுற்றும் உருண்டை டிரில் முனையாலோ, சின்னக் கரண்டி போன்ற கைக்கருவியாலோதான் சுரண்டி எடுப்பார்கள். பழைய பாடம், கறுப்பு முழுக்கப் போகும்வரை தோண்டு என்பது. இன்று அப்படிச் செய்வதில்லை. ஓரங்களில் மட்டும் கெட்டியான சுத்தப் பல் வரும்வரை எடுப்பார்கள். நரம்புக்கு மேலே, தோல்போலக் கொஞ்சம் மெதுவாக இருக்கும் அடுக்கை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். மேலே காற்றுப் புகாமல் மூடிவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் கிருமிக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே "கறுப்பை அப்படியே விட்டுட்டார்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ரொம்ப ஆழமான இடத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடோ, எம்.டி.ஏ. வகைச் சிமெண்டோ நரம்பைக் காக்க ஒரு பொட்டு வைத்துவிட்டு மேலே அடைப்பார்கள்.

இனிமேல் எல்லாம் ஈரத்தோடு சண்டை. பல் நிற அடைப்பான காம்போசிட் என்பது பிசினும் கண்ணாடித் தூளும் சேர்ந்த கலவை. அது பல்லில் தானாக ஒட்டாது. எனாமலை அமிலத்தால் அரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்கி, அதற்குள் பசையை இறக்கினால்தான் பிடிக்கும். இந்த யோசனையை 1955-ல் வெளியிட்டவர் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். அவர் எடுத்துக்கொண்டது 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம். இன்று நீல ஜெல்லாக வருவது 37 சதவீதம். எனாமலில் 15 முதல் 30 நொடி, உள்ளே இருக்கும் டென்டினில் 15 நொடிக்கு மேல் போகக் கூடாது. கழுவியபின் எனாமல் உலர வேண்டும், டென்டின் மட்டும் லேசாக மினுங்குகிற ஈரத்தில் இருக்க வேண்டும். காற்றடித்து டென்டினை வறட்டிவிட்டால் அதன் நார்கள் படிந்துபோய்ப் பசை உள்ளே இறங்காது. வாரக்கணக்கில் கூசும் அடைப்புகளில் பல இந்த இடத்தில் கெட்டவை. பசையைத் தடவி, சுமார் 20 நொடி தேய்த்து, மெல்ல ஊதி மெலிதாக்கி, பிறகு அதை இறுகவைக்கும் நீல லைட் அடிக்க வேண்டும்.

அமிலம் கழுவியதற்கும் லைட் அடிப்பதற்கும் நடுவே ஒரு துளி எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டால் மறுபடி அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே போடுகிறவர்களும் உண்டு. அன்றைக்குப் பார்க்க அடைப்பு அருமையாக இருக்கும். ஒன்றிரண்டு வருஷத்தில் ஓரம் பழுப்பேறி, கீழே புதுச் சொத்தை பிடித்திருக்கும். ரப்பர் டேம் எதற்கு என்றால் இதற்குத்தான். ஒரு சதுர ரப்பர் தாளில் ஓட்டை போட்டுப் பல்லை மட்டும் வெளியே எடுத்து, கவ்வியால் பிடித்து நிறுத்துவார்கள். மூச்சு முட்டும் என்று பயப்பட வேண்டாம், மூக்கு திறந்துதான் இருக்கும். ரப்பர் டேம் இல்லாமலும் பஞ்சு உருளையும் நல்ல சக்ஷனும் கைதேர்ந்த உதவியாளரும் இருந்தால் மேல்பக்கக் குழியை ஒழுங்காக அடைக்கலாம். கீழ்க் கடவாயில் ஈறுக்குப் பக்கத்தில் இறங்கிய சொத்தையை அப்படி அடைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காம்போசிட்டை ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது. 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 நொடி லைட். பல்க்-ஃபில் என்று விற்கும் வகையை மட்டும் 4 மில்லிமீட்டர் வரை போடலாம். காரணம் இரண்டு. ஒன்று, லைட் அதற்குக் கீழே இறங்காது. மேலே கல்லாக இறுகியிருக்கும், அடியில் மாவாக இருக்கும். இரண்டு, இறுகும்போது அது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாகப் போட்டால் அந்தச் சுருக்கம் சுவரைப் பிய்த்து ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும், அல்லது மெலிந்த சுவரிலேயே கீறல் விடும். லைட் கருவி பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் எரியும். ஆனால் பழைய பேட்டரி, முனையில் ஒட்டிக் காய்ந்த பிசின், பல்லிலிருந்து தள்ளிப் பிடித்த கை, இந்த மூன்றுமே அடிவரை இறுகாத அடைப்பைத் தரும். மேலே தட்டிப் பார்த்தால் தெரியாது.

பல்லின் பக்கச் சுவர் போயிருந்தால் மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றி, ஈறு ஓரத்தில் மர ஆப்பு ஒன்றைச் செருகிச் சுவர் கட்டுவார்கள். ஆப்பு இல்லாவிட்டால் பிசின் ஈறுக்குள் வழிந்து விளிம்பு நீட்டிக்கொள்ளும். பல்துலக்கி அங்கே போகாது, ஈறு எப்போதும் ரத்தம் கசியும். பட்டை பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல் நின்றாலோ வேறு தொல்லை. இரண்டு பல்லுக்கும் நடுவே சந்து விழும். அதன்பிறகு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் கறி நார் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சிக்கும். குத்தூசி, தீக்குச்சி, சேப்டி பின் என்று குத்திக் குத்தி ஈறு இறங்கி, கடைசியில் அடைப்பு நன்றாக இருந்தும் பல் ஆடிப்போகும். கிளினிக்கை விட்டு இறங்குவதற்கு முன் ஃபிளாஸ் நூலை அந்த இடுக்கில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கென்று ஒரு தடையோடு உள்ளே போய், கிழியாமல் வெளியே வர வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் சந்து இருக்கிறது. நூல் கிழிந்தால் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் அன்றே சரிசெய்வது சுலபம். ஆறு மாதம் கழித்து என்றால் முழுதும் எடுத்துப் புதிதாகப் போட வேண்டும்.

எல்லாச் சொத்தைக்கும் காம்போசிட்தான் என்று ஒற்றைக்காலில் நிற்க வேண்டாம். ஜனங்கள் "சிமெண்ட்" என்று சொல்லும் கிளாஸ் அயனோமர் பல்லோடு வேதியியல் முறையிலேயே ஒட்டும், கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடையும் கசியவிடும். பால்பல், வயசானவர்களின் வேர் ஓரச் சொத்தை, எவ்வளவு முயன்றும் உலரவைக்க முடியாத இடம், இங்கெல்லாம் அதுதான் புத்திசாலித்தனம். கடிக்கும் பலத்தை நேராகத் தாங்கும் பெரிய கடவாய் அடைப்புக்கு அது போதாது, தேய்ந்தோ உடைந்தோ போகும். போட்ட அன்று மேலே வார்னிஷோ வாசலினோ தடவாவிட்டால் ஈரமேறியோ காய்ந்தோ வெடிப்பு விடும். முதல் 24 மணி நேரம் அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்கக் கூடாது.

பழைய வெள்ளி அடைப்பான அமால்கம் நிறைய பேர் வாயில் இன்னும் இருக்கிறது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் வந்தது, 2017-ல் நடைமுறைக்கு வந்தது, அமால்கமும் அதில் அடக்கம். அதற்காக ஓரம் கெடாமல் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்துகொண்டு பெயர்க்கச் சொல்லாதீர்கள். பெயர்க்கும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

அடைக்கவே கூடாத பல்லும் உண்டு. மிச்சமிருக்கும் கடி மேடுகளின் சுவர் 2 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் பிசின் அதைத் தாங்கிப் பிடிக்காது. நல்லி எலும்பைக் கடிக்கும் ஒரு நாளில் பல் நெடுக்காகப் பிளந்துவிடும். அங்கே பல்லை முழுக்க மூடும் கேப்போ, மேடுகளை மட்டும் மூடும் ஆன்லேயோதான். "இப்போதைக்கு அடைச்சு விடுங்க" என்று கெஞ்சிப் பெறும் பெரிய அடைப்புகள் கடைசியில் பிடுங்குவதில் முடிவதுண்டு.

திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கம் சில ஊர்ப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்கள் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். அது சொத்தை இல்லை. கூராக எதையாவது வைத்துக் குத்திப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட பல்லில் உண்மையான சொத்தை வந்தால், எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. மேலே லேசாக உரசிவிட்டு அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தால்தான் அடைப்பு பிடிக்கும். சின்ன வயசு முழுக்க அந்த ஊரில் இருந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்வது நல்லது.

செங்கல் பொடி, சாம்பல், கரகரப்பான பற்பொடி போட்டுக் குறுக்காகத் தேய்ப்பவர்களுக்கு ஈறோரம் பல் வெட்டுப்பட்டதுபோல் தேய்ந்திருக்கும். கூச்சத்துக்காக அதையும் அடைப்பார்கள். தேய்க்கும் முறையை மாற்றாமல் அடைத்தால் அது சீக்கிரமே கழன்று கையில் வரும், டாக்டரைத் திட்டிப் பயனில்லை.

இறுகியதும் நீலமோ சிவப்போ பூசிய தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக நிற்கும் இடத்தைத் தேய்ப்பார்கள். மரத்த வாயில் நீங்கள் கடிப்பது நிஜக் கடி ஆகாது. அதனால் உயரம் கொஞ்சம் மிஞ்சுவது சகஜம். மரப்பு இறங்கியபின் அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது என்று தோன்றினால் மறுநாளே போங்கள், இரண்டு நிமிஷ வேலை. "பழகிடும்" என்று விட்டால் பல்லை எலும்போடு பிடித்திருக்கும் நார்கள் வீங்கி, மெல்லும்போதெல்லாம் வலிக்கும். பிறகு ரூட் கெனால் தேவைப்படுமோ என்ற சந்தேகம் வரை போகும். காம்போசிட் என்றால் அன்றே சாப்பிடலாம், ஆனால் மரப்பு இறங்கும்வரை பொறுங்கள். கீழ்த்தாடைக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். அதற்குள் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தால் கன்னத்தையும் சேர்த்து மென்றுவிடுவீர்கள். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்து விளையாடிப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே யாராவது இருக்க வேண்டும்.

அதன்பிறகு வரும் வலியை இப்படிப் பிரிக்கலாம். குளிர்ச்சிக்கு மட்டும் கூசி, நாளுக்கு நாள் குறைந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரம் பொறுக்கலாம். கடித்தால் மட்டும் வலித்தால் உயரம். கடித்துவிட்டு விடும்போது சுள்ளென்றால் கீறலாக இருக்கலாம், அல்லது அடியில் பசை பிடிக்காமல் இருக்கலாம். சூட்டுக்கு வலித்து நீடித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவே சிரமமாக இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று விடுகிறவர்களுக்கு ஒன்று: பின் கடவாய்ப் பால்பல் 10, 12 வயசு வரை இருக்க வேண்டியது. முன்னாலேயே பிடுங்கினால் இடம் சுருங்கி, அடியில் இருக்கும் நிலைப்பல் கோணலாக முளைக்கும். ஆறு வயசில் அதற்கும் பின்னால் புதிதாக வரும் கடவாய்ப் பல்லைப் பலர் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். விழுந்து முளைக்காத நிலைப்பல் அது, சொத்தை அதிகம் பிடிப்பதும் அதில்தான். முளைத்து முழுசாக வெளியே வந்ததும் அதன் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசிவிட்டால் டிரில்லே தேவைப்படாமல் போகலாம்.

டெம்பரரி அடைப்போடு வீட்டுக்கு அனுப்பினால் அது வாரக்கணக்குக்குத்தான். வலி போய்விட்டது என்று தீபாவளி வரை இழுத்தால் தேய்ந்து கசிந்து உள்ளே மறுபடி சொத்தை ஓடும். கடைசியாக, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் 36 என்று எழுதியிருந்தால் கீழ் இடப்பக்கத்தில், முன்நடுவிலிருந்து எண்ணி வரும் ஆறாவது பல். முதல் எண் 1 மேல் வலம், 2 மேல் இடம், 3 கீழ் இடம், 4 கீழ் வலம். குழந்தைகளின் பால்பல்லுக்கு அதே வரிசையில் 5 முதல் 8. பல்லின் எண்ணோடு என்ன பொருள் போட்டார்கள், நரம்புக்கு மேலே என்ன வைத்தார்கள், எந்தத் தேதி என்பதையும் எழுதி வாங்குங்கள். ஐந்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் எக்ஸ்ரே பார்க்கும்போது, அடைப்புக்குக் கீழே தெரியும் கறுப்பு வேண்டுமென்று விட்ட பழைய அடுக்கா, புதுச் சொத்தையா என்பதை அந்தச் சீட்டையும் பழைய படத்தையும் வைத்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும்.